யாழ்ப்பாணத்தில் குதிரை: மட்டக்குதிரையா, ஓட்டக்குதிரையா, கூட்டுக்குதிரையா?

யாழ்ப்பாணத்தில் குதிரை வாங்க நினைப்பவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: எந்தக் குதிரை நல்லது? மட்டக்குதிரையா, நுவரெலியா ஓட்டப்பந்தயத்தில் ஓடி முடித்த உயரக் குதிரையா, இல்லாவிட்டால் இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒன்றை வைத்திருக்கலாமா? காசு பெரிய தடையாக இருப்பதில்லை. கனடாவில் ஒரு மாமாவோ இலண்டனில் ஒரு சித்தியோ இருக்கிற வீட்டில்தான் இந்தப் பேச்சே தொடங்குகிறது. வளவு இருக்கிறது, கிணறு இருக்கிறது, மாடு வளர்த்த பழக்கமும் இருக்கிறது. பிறகென்ன?

பிறகுதான் விஷயமே. குதிரையின் விலை ஒருமுறை கொடுத்து முடிவது. அதன் குளம்பை ஆறு எட்டுக் கிழமைக்கு ஒருமுறை சீவ யார் வருவார்? நடுச்சாமத்தில் வயிற்று வலியில் விழுந்து புரண்டால் யாரைக் கூப்பிடுவது? இந்த இரண்டு கேள்விக்கும் ஆளைப் பிடித்து வைக்காமல் எதை வாங்கினாலும் அது பிழையான குதிரைதான். ஆள் முதல், குதிரை பிறகு. கீழே உள்ள எல்லா வழிகளையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "நெடுந்தீவில்தான் சும்மா திரிகிறதே, ஒன்றைப் பிடித்து வரமுடியாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முடியாது. ஐரோப்பியர் காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை அவை. ஒல்லாந்தர் காலத்து லாயத்தின் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தக் குதிரைகளை வள்ளத்தில் ஏற்றிக் குறிகாட்டுவானில் இறக்குவது தனியாள் ஒருவரின் உரிமை அல்ல. அதைவிட, மனிதக் கை படாமல் வளர்ந்த குதிரையைப் பிள்ளைக்குக் கொடுப்பது ஆபத்து. எனவே அது இந்தக் கணக்கில் இல்லை.

## எதை வைத்து அளப்பது

தீன். மாடு வளர்த்தவர்கள் அதிகம் தவறுகிற இடம் இது. மாடு கிடைத்ததைத் தின்றுவிட்டுப் படுத்து அசைபோடும். குதிரைக்கு ஒரே இரைப்பை, அதுவும் சிறியது. அசைபோடாது, வாந்தியெடுக்கவும் அதனால் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேய்வதற்கென்று அமைந்த உடம்பு. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று வாளி நிறையக் கொட்டினால் வயிற்று வலி வரும். அந்த வலி குதிரையைக் கொல்லக்கூடியது.

உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்ந்த நார்த்தீன் ஒரு நாளுக்கு வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதற்கு நல்லது அறுகம்புல்தான். வெப்பமான நாடுகளில் குதிரைக்கு உலர்புல்லாகப் பரவலாகக் கொடுப்பதும் அறுகு வகையைத்தான். வைக்கோலை மட்டும் போட்டால் வயிறு நிரம்பும், உடம்பு தேறாது, குடலில் அடைத்துக்கொள்ளவும் கூடும். பால்மாட்டுக்கென்று பலர் நட்டிருக்கும் சிஓ-3 புல்லில் ஒட்சலேற்று இருக்கிறது. அது தீனிலுள்ள கல்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாடு அதைச் சமாளிக்கும், குதிரை சமாளிக்காது. தவிடும் இதே கதைதான்: அரிசித் தவிட்டில் பொசுபரசு கல்சியத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். தவிடும் சிஓ-3உம் மட்டுமே தின்று வளர்கிற குதிரைக்கு எலும்பிலிருந்து கல்சியம் இறங்கி, முகம் வீங்கி, கால் நொண்டத் தொடங்கும். காலுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல் உள்ள ஊரில் குதிரை கல்சியம் இல்லாமல் நொண்டுவது கொஞ்சம் வேடிக்கைதான். தீனில் கலக்கும் சுண்ணக்கல் தூளை வைத்தியர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பை அல்ல, அது வாயையும் வயிற்றையும் பொசுக்கிவிடும்.

இன்னும் மூன்று "வேண்டாம்". வேலியில் நிற்கிற இப்பிலிப்பில் இலை தொடர்ந்து தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும். பூசைக்கென்று முற்றத்தில் நட்டிருக்கும் அலரி சில இலைகளிலேயே உயிரை எடுக்கும். வெட்டிப்போட்ட காய்ந்த கொப்பும் அப்படித்தான். மூன்றாவது, கோழித்தீன். கோழிக்கும் மாட்டுக்கும் விற்கும் சில கலப்புத் தீன்களில் மொனென்சின் என்ற மருந்து சேர்ப்பார்கள். கோழிக்கு அது மருந்து, குதிரைக்குக் கொஞ்சமே போதும், இதயத்தை அழித்துவிடும். பையில் எழுதியிருப்பதை வாசிக்காமல் எதையும் போடக்கூடாது.

தண்ணீர். பெரிய குதிரை ஒரு நாளுக்கு 30 முதல் 50 லீற்றர் குடிக்கும், வெயிலில் வேலை செய்தால் இன்னும் கூடும். கிணற்றில் தண்ணீர் இருப்பது மட்டும் போதாது, உவர் ஏறாமல் இருக்கவேண்டும். தீவகத்திலும் கரையோரத்திலும் சோளகக் காலத்தில் உவர் கூடும்போது குதிரை குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதோடு வயிற்று வலியும் வரும்.

வளவும் வேலியும். ஒரு ஏக்கரில் பதினாறு பரப்பு. மேய்ச்சலை நம்பி வளர்ப்பதென்றால் அவ்வளவாவது வேண்டும். புல் வெட்டிப் போடுவதென்றால், ஓடித் திரிய நாலு ஐந்து பரப்பு திறந்த நிலம் இருந்தால் சமாளிக்கலாம். முட்கம்பி வேலி கூடவே கூடாது. மாடு முட்கம்பியைக் கண்டால் நிற்கும். குதிரை பயந்தால் பார்க்காமல் ஓடும், கால் கிழியும். குதிரைகளுக்கு ஏற்புவலி (டெட்டனஸ்) மிக எளிதில் வரும் என்பதால் ஏற்பு ஊசி கட்டாயம்: முதலில் நாலு முதல் ஆறு கிழமை இடைவெளியில் இரண்டு, பிறகு ஆண்டுதோறும். கொட்டிலுக்குத் தகரத்தைவிடக் கிடுகோ பனையோலையோ எத்தனையோ மேல்.

மணல்தரையில், குறிப்பாக வடமராட்சிப் பக்கம், தீனை நிலத்தில் கொட்டக்கூடாது. தீனோடு மணலும் உள்ளே போய்க் குடலில் படியும். சந்தேகமென்றால் சாணி நாலு உருண்டையை ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் விட்டுக் கலக்கி வையுங்கள். அடியில் மணல் தங்கினால் விடை கிடைத்துவிட்டது.

குளம்பும் வைத்தியமும். நம்மூர்க் கால்நடை வைத்தியர்கள் மாட்டிலும் ஆட்டிலும் கைதேர்ந்தவர்கள். குதிரை அவர்கள் கைக்கு அடிக்கடி வருவதில்லை. கால்நடை மருத்துவ பீடம் இருப்பது பேராதனையில், முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். வயிற்று வலி வந்த குதிரையை ஏ9 வீதியில் லொறியில் ஏற்றிக்கொண்டு போகிற நேரம் கிடைக்காது. ஆகவே வாங்குமுன்னே உங்கள் பகுதி வைத்தியரிடம் போய்க் கதையுங்கள். வந்து பார்க்கச் சம்மதமா, வலிக்கும் ஏற்புக்கும் உரிய மருந்து கையிருப்பில் வைக்கலாமா என்று கேளுங்கள். சவாரி மாட்டுக்கு லாடம் அடிப்பவர் நல்ல கைகாரராக இருக்கலாம். ஆனால் மாட்டுக் குளம்பு பிளந்தது, குதிரைக் குளம்பு ஒற்றை. சீவுகிற கோணம் பிழைத்தால் நரம்பு வரை வலிக்கும். ஆர்வமுள்ள இளைஞர் ஒருவரைத் தெற்குக்கு அனுப்பிப் பழக்கி எடுப்பது குதிரை வாங்குவதைவிட நல்ல முதலீடு என்பேன்.

சத்தம். திருவிழா வெடி, ஒலிபெருக்கி, மேளம். ஓடித் தப்புவதை மட்டுமே நம்பி வாழ்கிற விலங்குக்கு ஆடி ஆவணி மாதங்கள் சோதனைக் காலம். கோயில் வீதியில் வீடென்றால் இதை நிஜமாகவே யோசிக்கவேண்டும்.

காலம். குதிரை 25, 30 வருடம் வாழும். மட்டக்குதிரை அதற்கு மேலும் போகும். இன்று பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கினால், அந்தப் பிள்ளை ஏ.எல். எழுதி, கம்பஸ் முடித்து, வெளிநாடும் போய்விடும். குதிரை அம்மம்மாவோடு வளவில் நிற்கும்.

## வழி 1: மட்டக்குதிரை

நுவரெலியாவில் கிரகரி வாவிக்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவற்றைப் பார்த்திருப்பீர்கள், அந்த வகை. குறைவாகத் தின்னும், தண்ணீர் குறைவு, வெயிலுக்கு உடம்பு ஓரளவு கொடுக்கும், குளம்பு பெரும்பாலும் கெட்டி. நம்முடைய சராசரி வளவுக்கு ஏற்ற அளவு.

மறைந்திருக்கும் செலவு இதன் தீனிலேயே இருக்கிறது. மட்டக்குதிரை குறைந்த புல்லில் வாழப் பழகியது. "பாவம், மெலிந்து போச்சு" என்று கொள்ளும் பிண்ணாக்கும் வெல்லமும் ஊட்டினால் கொழுத்து, குளம்புக்குள் வீங்கி, நடக்கமுடியாமல் போகும். இந்த வீக்கம் ஒருமுறை வந்தால் அந்தக் குளம்பு பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவது அரிது. பாசம் கூடிய வீடுகளில் இது கூடுதலாக நடக்கும். பாட்டிமாரின் கையைக் கட்டுவது சுலபமில்லை. மழைக்குப் பிறகு வரும் தளதளவென்ற புதுப்புல்லிலும் இந்த ஆபத்து இருக்கிறது. கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சி கடித்து, பிடரியையும் வாலடியையும் மரத்தில் உரசிப் புண்ணாக்கிக்கொள்வதும் மட்டக்குதிரைகளில் சாதாரணம். சாயங்காலமும் விடியற்காலையும் புகை போடுவது கொஞ்சம் உதவும்.

இன்னொன்று ஏற்றும் எடை. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 220 கிலோ மட்டக்குதிரைக்கு அது 44 கிலோ. அப்பா ஏறிப் படம் எடுக்க ஆசைப்பட்டால் ஆசையோடு நிற்கட்டும்.

யாருக்குப் பொருந்தும்: எட்டு முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளை, வீட்டில் முழுநேரம் நிற்கும் பெரியவர் ஒருவர், ஏற்கனவே ஆடோ மாடோ உள்ள வளவு. குதிரை தனியே நின்றால் மனம் உடையும். இரண்டாவது குதிரை வாங்க வசதியில்லாத இடத்தில் ஒரு ஆடு துணைக்கு நின்றாலும் பரவாயில்லை.

## வழி 2: ஓட்டத்திலிருந்து வந்த உயரக் குதிரை

பார்க்கிறவர் கண் முதலில் போவது இதில்தான். தரோபிரெட் இனம், ஐந்தடிக்கு மேல் தோள் உயரம், மினுங்கும் தோல். நுவரெலியாவில் சித்திரை சீசனில் ஓடுபவை. ஓட்டக் குதிரைகள் இரண்டு மூன்று வயதிலேயே ஓடத் தொடங்குவதால் இளமையிலேயே ஓய்வும் பெற்றுவிடும், அதற்குப் பிறகும் இருபது வருடம் வாழ இருக்கும். சில நேரம் எதிர்பார்த்ததைவிட மலிவாகவும் கிடைக்கும். மலிவாகக் கிடைப்பதன் காரணத்தை முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அது முன்னங்காலில் இருக்கும்.

1,800 மீற்றருக்கு மேல் குளிரில் வாழ்ந்த குதிரையை இங்கே 34 பாகைப் புழுக்கத்தில் இறக்கினால் முதல் இரண்டு மூன்று கிழமை ஒரு வேலையும் வாங்கக்கூடாது. சில குதிரைகள் சூடான ஈரலிப்பான இடங்களுக்கு வந்ததும் வியர்ப்பதையே நிறுத்திவிடும். ஓடி வந்தும் தோல் காய்ந்திருந்து, மூச்சு மட்டும் இரைத்தால் அதுதான். உடனே நிழல், தண்ணீர் ஊற்றல், வைத்தியர். இதற்கு நிச்சயமான மருந்து இல்லை. குளிர்ந்த இடத்துக்குத் திருப்பி அனுப்புவதே பல நேரங்களில் முடிவாகும். அமைதியாக நிற்கும் பெரிய குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை, நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. இந்த மூன்றையும் பார்க்கத் தெரியாமல் இந்த இனத்தை யாழ்ப்பாணத்தில் வைத்திருக்கவேண்டாம்.

அப்புறம் பழக்கம். இதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: முன்னே ஓடுவது. பஸ் ஹோர்ன் அடித்தாலும் அதைத்தான் செய்யும். நடக்க, நிற்க, திரும்ப மறுபடி கற்றுக்கொடுக்கப் பல மாதம் எடுக்கும், அதைத் தெரிந்தவர்தான் செய்யவேண்டும். இணுவில், கோண்டாவில் ஒழுங்கைகளில் ஓட்டிப் பழகலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

இரண்டையும் எண்ணில் பார்த்தால்:

| | மட்டக்குதிரை | ஓட்டக்குதிரை |
|---|---|---|
| எடை | ஏறக்குறைய 220 கிலோ | ஏறக்குறைய 480 கிலோ |
| ஒரு நாள் உலர்தீன் | நாலரை கிலோ வரை | பத்து கிலோ வரை |
| அதுவே பச்சைப் புல்லாக | 20 கிலோ அளவில் | 45 கிலோ அளவில் |
| ஒரு வருட உலர்தீன் | 1.6 தொன் | 3.5 தொன் |
| தண்ணீர், நாளுக்கு | 15–20 லீற்றர் | 30–50 லீற்றர் |
| கொட்டில் | 10 × 10 அடி | 12 × 12 அடி |
| ஆள், சேணம் சேர்த்து | 44 கிலோ வரை | 95 கிலோ வரை |
| புழுக்கம் | ஓரளவு தாங்கும் | கவனமாகப் பார்க்கவேண்டும் |

45 கிலோ புல் என்பதை ஒருமுறை கற்பனை செய்யுங்கள். ஆனி ஆடியில் தறையெல்லாம் காய்ந்து கிடக்கும்போது அதை நாள்தோறும் வெட்டிக் கட்டிச் சைக்கிளில் கொண்டுவர ஒரு ஆள் வேண்டும். மாரியில் அறுகை அறுத்து உலர்த்திச் சேமிக்கலாமே என்றால், மழைக்காலத்தில் உலர்த்துவது எப்படி? மாசி பங்குனியில் உலர்த்தி, காற்றோட்டமாக அடுக்கி வைப்பதுதான் வழி. கச்சான் கொடியும் உழுந்துக் கொடியும் நல்ல துணைத்தீன், பூஞ்சணம் பிடிக்காதவரை. பூஞ்சணம் பிடித்ததை "மாட்டுக்குப் போட்டால் போச்சு" என்று வைத்திருக்கிற கட்டிலிருந்து யாரோ ஒரு நாள் குதிரைக்கும் போட்டுவிடுவார்கள். எரித்துவிடுங்கள்.

யாருக்குப் பொருந்தும்: வெளிநாட்டிலோ தெற்கிலோ குதிரையோடு வருடக்கணக்கில் வாழ்ந்து திரும்பி வந்தவர்களுக்கு. வேறு யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

## வழி 3: கூட்டாக ஒன்று

இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து நல்லதாய்ப் பழகிய, நடுத்தர உயரமான ஒரு குதிரை. பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரி. காரணம் செலவு பங்குபோவது மட்டுமல்ல. பிள்ளைக்குக் காலை ஐந்தரைக்கு ஒரு ரியூசன், மாலை நாலுக்கு இன்னொன்று. ஒரு வீட்டுப் பிள்ளை தனியாக ஒரு குதிரைக்கு வேண்டிய வேலையைக் கொடுக்கவே முடியாது. கட்டிக்கிடக்கும் குதிரை மரத்தைக் கடிக்கும், உதைக்கும், கெட்டுப்போகும். மூன்று வீடு என்றால் கிழமையில் ஆறு நாள் ஓடலாம். பராமரிக்க ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கவும் கட்டும்.

இதில் மறைந்திருப்பது மனிதர்களுக்கிடையிலான செலவு. தொடங்கும்போது எல்லோரும் சொந்தக்காரர், பேச்சு இனிமையாக இருக்கும். ஒரு குடும்பம் கனடாவுக்கு விசா கிடைத்துப் போகும்போதுதான் "எங்கள் பங்கு என்ன ஆகிறது?" என்ற கேள்வி வரும். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள பராக்கிரமபாகு மன்னனின் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, யானை குதிரை கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்று பங்கை முன்கூட்டியே பிரித்துவைக்கிறது. அந்தத் தெளிவு உங்கள் கடதாசியிலும் இருக்கட்டும். மாதச் செலவில் யாருக்கு எவ்வளவு, யார் எந்த நாள், விலகுபவர் பங்கை யார் வாங்குவது, அவசர வைத்தியத்துக்குச் சம்மதம் சொல்வது யார். கடைசி இரண்டும் முக்கியம். குதிரை எழும்பமுடியாமல் கிடக்கிற நேரம் மூன்று வீட்டிலும் கேட்டு முடிவெடுக்க முடியாது. ஒருவர் சொல்தான் முடிவு என்று முதல் நாளே எழுதி வையுங்கள்.

சிலர் கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாம் என்று கணக்குப் போடுவார்கள். மேளம், வெடி, தலைக்கு மேல் ட்ரோன், மாப்பிள்ளைக்கு ஏறத் தெரியாது. அந்தக் காசை நம்பாதீர்கள். வருமானம் என்று நம்பலாமென்றால் எருவைத்தான் சொல்வேன்: ஒரு பெரிய குதிரை நாளுக்கு 15 கிலோவுக்கு மேல் சாணி போடும். மக்கவைத்தால் வெங்காயத் தோட்டக்காரர் வந்து கேட்டு வாங்குவார்.

யாருக்குப் பொருந்தும்: அடுத்தடுத்த வளவுகளில் இருக்கிற, முன்பே ஒன்றாக ஏதாவது செய்து சண்டை வராமல் முடித்த குடும்பங்களுக்கு.

## வழி 4: வாங்காமல் பழகுவது

பள்ளி விடுமுறையில் கொழும்புப் பக்கமோ நுவரெலியாவோ போய்ப் பழகுவது. ரயில் காசும் தங்குமிடமும் சேர்ந்தாலும் ஒரு குதிரையின் வருடத் தீனுக்குக் கிட்டவும் வராது. ஏறி ஓட மட்டும் பழகினால் பயனில்லை. குளம்பைத் தூக்கிக் கல் எடுக்க, தேய்த்துவிட, லாயம் கூட்ட விடுகிறார்களா என்று கேட்டுப் போங்கள். மூன்றாவது விடுமுறையிலும் பிள்ளை சாணி அள்ள முகம் சுளிக்காமல் போனால், அப்போது வழி 1 அல்லது 3ஐப் பற்றிப் பேசலாம். ஓ.எல்., ஏ.எல். வருடங்களில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதைத் தவிர வேறு வழியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

## வாங்குவதென்றால் எந்த மாதம்

ஓட்டப்பந்தயக் குதிரை சித்திரை சீசன் முடிந்து விலைக்கு வரலாம். நமக்கோ அப்போதுதான் வெயில் ஏறுகிறது, பின்னாலேயே சோளகமும் புல் இல்லாத மாதங்களும். ஐப்பசி முதல் மார்கழி வரை சேறு. சேற்றில் நின்று குளம்பு அழுகி மணக்கும். தையும் மாசியும்தான் சரியான மாதங்கள்: வாடை இன்னும் குளிர்ச்சியாக வீசும், வளவில் புல் நிற்கும், கிணறு நல்லதண்ணீரால் நிரம்பியிருக்கும், வெயில் ஏறுமுன் உடம்பு பழகிக்கொள்ள நேரம் இருக்கும். சித்திரையில் மனதுக்குப் பிடித்த குதிரை ஒன்று அகப்பட்டால், தை வரை அதை அங்கேயே வைத்திருக்கச் சொல்லிப் பராமரிப்புக் காசைக் கொடுங்கள். அந்த எட்டு ஒன்பது மாதத்தில் கொட்டிலைக் கட்டலாம், முட்கம்பியைக் கழற்றலாம், அலரியை வேரோடு பிடுங்கலாம், குளம்பு சீவ ஒருவரைப் பழக்கலாம்.